சரக்குக் கிடங்கும் தொழிலாளர் பாதுகாப்பும்

கொல்கத்தா மாநகரின் தென்மேற்கு மூலையில், ஹூக்ளி நதியின் கீழ்க்கரையை ஒட்டி அமைந்துள்ள பகுதிக்குக் கார்டன் ரீச் என்று பெயர். ஒரு காலத்தில் ஆங்கிலேயக் கனவான்களின் தோட்ட மாளிகைகள் ஆற்றங்கரை நெடுகிலும் நின்றமையால் அப்பெயர் வந்தது. அயோத்தியை இழந்த நவாப் வாஜித் அலி ஷா 1856-ஆம் ஆண்டில் இங்கு வந்து குடியேறியபோது, அதன் ஒரு பகுதியான மெட்டியாபுரூஸ் ஒரு சிறு லக்னோவாகவே மாறிற்று. தோட்டங்களும் நவாபின் அரண்மனைகளும் மறைந்துவிட்டன. இன்று அங்கு காண்பவை கப்பல்துறையும், பட்டறைகளும், தையற்கூடங்களும், நெருக்கமான குடியிருப்புகளுமே. 1884-இல் நதிக்கப்பல்களைப் பழுதுபார்ப்பதற்கென ஏற்பட்ட ஒரு சிறு பட்டறை வளர்ந்து பெருகி, 1960-இல் மத்திய அரசாங்கத்தின் உடைமையாகி, மறு ஆண்டிலேயே 'அஜய்' என்னும் போர்ப்படகைக் கடற்படைக்குக் கட்டித் தந்தது. தென்கிழக்கு இரயில்வேயின் தலைமை அலுவலகமும், நேதாஜி சுபாஷ் கப்பல்துறையும் இப்பகுதியிலேயே உள்ளன.

இத்துணைப் பெரிய நிலையங்கள் ஓரிடத்தில் கூடியிருந்தால், அவற்றுக்கு வேண்டிய சில்லறைச் சாமான்களை நாள்தோறும் வழங்குவதற்கு ஒரு வணிகர் கூட்டம் ஏற்படுவது இயல்பு. கப்பல் கட்டும் தளத்தைப் பற்றிப் பத்திரிகைகள் எழுதுகின்றன. துறைமுகத்தைப் பற்றிப் பாராளுமன்றத்தில் வினாக்கள் எழுகின்றன. ஆனால் இவ்விரண்டுக்கும் இடையே, குறுகிய சந்துகளில் தகரக் கூரையின் கீழ் இயங்கும் தொழிற்சரக்குக் கிடங்கைப் பற்றி எவரும் பேசுவதில்லை. கம்பிவடம், கொக்கி, பேரிங், ஆணி, வெல்டிங் கம்பி, சாணைக்கல், வண்ணப்பூச்சு, தின்னர், கிரீஸ், அமிலம், பிராணவாயு உருளை, அசிட்டிலீன் உருளை, குழாய் மூட்டுகளுக்கு இடும் காஸ்கட், மின்கலம் ஆகிய யாவும் ஒரே கூரையின் கீழ் அடுக்கப்பட்டிருக்கும். பட்டறையில் இப்பொருள்கள் தனித்தனியே தமக்குரிய இடத்தில் இருக்கின்றன. கிடங்கில்தான் அவை அனைத்தும் ஒன்றுகூடுகின்றன. அபாயத்தின் தன்மையை நோக்கினால், பொருளை உற்பத்தி செய்யும் ஆலையையும் அதனைப் பயன்படுத்தும் தளத்தையும்விட, அதனை வைத்து விற்கும் கிடங்கே அதிகக் கவனத்துக்குரியது.

ஆனால் நடைமுறை இதற்கு நேர்மாறாக இருந்துவருகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் உற்பத்தி நடைபெறும் இடத்துக்கென ஏற்பட்டது. வெறும் விற்பனைக் கிடங்கு அதன் பார்வையில் தொழிற்சாலை அன்று. 1986-ஆம் ஆண்டின் துறைமுகத் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம், துறைமுக வேலையோடு தன் கடமையை முடித்துக்கொண்டது. மாநிலக் கடைகள் சட்டம், கடை திறக்கும் நேரத்தையும் வாராந்தர விடுமுறையையும் பற்றியே பெரிதும் கவலை கொண்டது. இம்மூன்று வேலிகளுக்கும் நடுவே விடுபட்ட நிலத்தில் தொழிற்சரக்குக் கிடங்கு நெடுங்காலம் நின்றது.

இக்குறையை நீக்கும் வாய்ப்பு, 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலை குறித்த சட்டத்தொகுப்பினால் ஏற்பட்டுள்ளது. உற்பத்தி மட்டுமின்றி வணிகம் நடைபெறும் இடமும் இதில் அடங்கும். ஆயினும் பொதுவாகப் பத்துத் தொழிலாளர் இருந்தால்தான் அந்த இடம் 'நிறுவனம்' ஆகும். கார்டன் ரீச் போன்ற இடங்களில் ஒரு சிறு கிடங்கின் நிரந்தர ஆட்கள் யாவர்? கணக்கர் ஒருவர், சரக்குக்காரர் இருவர், காவலாள் ஒருவர், அவ்வளவே. சுமை இறக்குவோர் அன்றாடம் தெருமுனையிலிருந்து அழைத்து வரப்படுவோர். அவர்களுடைய பெயர் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. ஆகவே அபாயம் நூறு பேருக்கு இருப்பினும், கணக்கில் நான்கு பேரே இருப்பர்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. போபால் நிகழ்ச்சிக்குப் பின்னர் 1987-இல் தொழிற்சாலைகள் சட்டம் திருத்தப்பட்டபோது, தொழிற்சாலைக்குரிய பொருளை வடிவமைப்பவர், செய்பவர், இறக்குமதி செய்பவர் ஆகியோருடன், அதனை வழங்குபவரும் அதன் பாதுகாப்பான பயனைக் குறித்த தகவலைத் தரக் கடமைப்பட்டவர் என்று விதிக்கப்பட்டது. புதிய சட்டத்தொகுப்பும் அக்கடமையை ஏற்றுக்கொண்டுள்ளது. அதாவது, பிறருடைய தொழிலாளிக்கு எச்சரிக்கை தரவேண்டிய பொறுப்பு இவ்வணிகருக்கு உண்டு. ஆனால் அதே பொருளைத் தன் கிடங்கில் தோளில் சுமக்கும் ஆளுக்கு எச்சரிக்கை தரப்படுகின்றதா என்று வந்து பார்க்க எவரும் இல்லை.

பொருளை அனுப்புபவனே அதன் தன்மையை அறிவிக்கவேண்டும் என்னும் கொள்கை புதியது அன்று. 1929-ஆம் ஆண்டில் ஜினீவாவில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மகாநாடு, கப்பலில் ஏற்றப்படும் பொதி ஒவ்வொன்றும் ஆயிரம் கிலோகிராம் அல்லது அதற்கு மேல் எடையுள்ளதாயின், அந்த எடை பொதியின் மீதே தெளிவாக எழுதப்பட வேண்டும் என்று ஓர் உடன்படிக்கை செய்தது. காரணம் எளியது. பளுதூக்கி எவ்வளவு தாங்கும் என்பது அதனை இயக்குபவனுக்குத் தெரியும். பொதியின் எடை எவ்வளவு என்பது தெரியாது. இரண்டும் தெரிந்தாலன்றிக் கம்பிவடம் அறுமா அறாதா என்று சொல்ல இயலாது. நம் நாட்டிலும் 1951-இல் கனத்த பொதிகளுக்குக் குறியிடும் சட்டம் நிறைவேறிற்று. ஒரு பக்கத்தில் அடங்கக்கூடிய இத்தகைய சிறு சட்டங்கள் காப்பாற்றிய உயிர்கள் பல என்பதில் ஐயமில்லை. பெரிய அறிக்கைகளுக்கு அப்பெருமை கிடைப்பது அரிது.

எனினும், ஆயிரம் கிலோ பொதியின் மீது எடை எழுதப்பட்டதே தவிர, மனிதன் முதுகில் ஏறும் அறுபது கிலோ பெட்டியின் மீது எழுதப்படவில்லை. ஒருவர் தூக்கும் சுமை ஐம்பத்தைந்து கிலோவுக்கு மேற்படலாகாது என்று 1967-இல் அதே தொழிலாளர் மகாநாடு பரிந்துரை செய்தது. அதனை வரம்பாகக் கொண்டாலும், ஒரு சாதாரணப் பிராணவாயு உருளை அவ்வரம்பைத் தாண்டிவிடும். முதுகெலும்பின் தேய்மானம் விபத்துப் பதிவேட்டில் எழுதப்படுவதில்லை. அது ஒரு நாளில் நேர்வதன்று. நாற்பது வயதில் அந்தத் தொழிலாளி வேலைக்கு வராமல் நின்றுவிடுகிறான். அவனுக்குப் பதில் வேறொருவன் வருகிறான். 'இவ்விடத்தில் இத்தனை நாட்களாக விபத்து இல்லை' என்று வாயிலில் மாட்டப்படும் பலகை அவனைக் கணக்கிடாது. அத்தகைய பலகைகளில் நம்பிக்கை வைக்காமல் இருப்பதே நல்லது. எண்ணிக்கை உயர்ந்தால் பரிசு கிடைக்கும் என்று அறிவித்துவிட்டால், சிறு காயங்கள் மறைக்கப்படும் என்பதை மனித இயல்பு அறிந்தவர் யாவரும் ஒப்புவர்.

எடையை அடுத்துப் பெயர். ஆலையிலிருந்து வரும் பெரிய பீப்பாயில் பொருளின் பெயரும், அபாயக் குறியும், முதலுதவி விவரமும் அச்சிட்டிருக்கும். 1989-ஆம் ஆண்டின் அபாயகரமான இரசாயனங்கள் பற்றிய விதிகள் அவ்வாறே பணிக்கின்றன. அடுத்த ஆண்டில் தோன்றிய சர்வதேச இரசாயன உடன்படிக்கையும் அப்பொறுப்பை வழங்குபவர் மீதே சுமத்திற்று. ஆனால் கிடங்கில் நிகழ்வது யாது? இருநூறு லிட்டர் பீப்பாய் திறக்கப்பட்டு, ஐந்து லிட்டர் தகரங்களிலும் பழைய புட்டிகளிலும் பிரித்து நிரப்பப்படுகிறது. பெரிய பீப்பாயின் சீட்டு அதனோடு நின்றுவிடுகிறது. சிறு தகரத்துக்குப் பெயர் இல்லை. அல்லது பழைய பொருளின் பெயரே இருக்கிறது. சமையல் எண்ணெய்த் தகரத்தில் தின்னரும், குடிநீர்ப் புட்டியில் அமிலமும் வைக்கப்படுவது இந்தியா முழுவதும் நடைபெறும் வழக்கம். சிறுவர் அதனைக் குடித்து மாண்ட செய்திகளை வாசிக்காத ஆசிரியர் இரார்.

சீட்டு இருந்தாலும் அதன் மொழி வேறொரு தடை. கார்டன் ரீச்சின் தொழிலாளி வங்காளி, உருது, இந்தி ஆகிய மொழிகளைப் பேசுகிறான். சீட்டோ ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் அறிந்தவரும் தடுமாறுவதற்கு இடமுண்டு. தீப்பற்றக்கூடியது என்பதைக் குறிக்க அம்மொழியில் வழங்கிய 'இன்ஃப்ளேமபிள்' என்னும் சொல்லின் முதலசையை எதிர்மறை என்று கருதி, தீப்பற்றாத பொருள் என்று பொருள் கொண்டவர்கள் உண்டு. அமெரிக்காவின் தீத்தடுப்புச் சங்கத்தார் அச்சொல்லை விடுத்து 'ஃப்ளேமபிள்' என்று எழுதுமாறு வற்புறுத்தியது இக்காரணத்தினாலேயே. தமிழில் இத்தொல்லை இல்லை. 'எளிதில் தீப்பற்றும்' என்று எழுதினால் எவரும் மாறாகக் கொள்ளமாட்டார். ஆனால் நமக்கும் ஒரு சொல் தொல்லை தருகிறது. அது 'காலி' என்பது.

காலியான பீப்பாய் என்றால் ஒன்றும் இல்லாத பீப்பாய் என்று நினைப்பது வழக்கம். அமெரிக்காவில் தீக்காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் ஆய்வாளராக இருந்த பெஞ்சமின் லீ வோர்ஃப், மொழியியலிலும் புகழ் பெற்றவர். பெட்ரோல் நிறைந்த பீப்பாய்களின் அருகில் மிகுந்த கவனத்துடன் நடந்துகொள்ளும் தொழிலாளர், 'காலி' என்று பெயரிட்ட பீப்பாய்களின் அருகில் அச்சமின்றிப் புகை பிடிப்பதை அவர் தம் தொழிலில் கவனித்து எழுதினார். உண்மையில் இரண்டாவதே அதிக அபாயம் உடையது. நிறைந்த பீப்பாயில் திரவம் இருக்கிறது. தீப்பற்றுவதற்கு வேண்டிய காற்று அதனுள் அதிகம் இல்லை. காலியான பீப்பாயிலோ திரவத்தின் ஆவியும் காற்றும் வெடிக்கும் விகிதத்தில் கலந்து நிற்கின்றன. அதன் மூடியை வெட்டித் தண்ணீர்த் தொட்டியாக்க எண்ணி வெல்டிங் சுடரை வைத்த தொழிலாளி பிழைப்பது அரிது. பழைய பீப்பாய்க்கு நம் நகரங்கள் அனைத்திலும் நல்ல விலை உண்டு. ஆகவே இச்செய்தி கார்டன் ரீச்சுக்கு மட்டும் உரியதன்று. சென்னையின் தண்டையார்ப்பேட்டைக்கும் தூத்துக்குடிக்கும் அதே அளவு உரியது.

இனி வாயு உருளைகள். பிராணவாயு உருளை கரு நிறமும், அசிட்டிலீன் உருளை அரக்கு நிறமும் பூண்டிருக்கும். இந்நிறங்கள் இந்தியத் தர நிர்ணயப்படி ஏற்பட்டவை. பிராணவாயு தானே எரியாது. ஆனால் பிற பொருள்களை வெகு வேகமாக எரிக்கும். அதன் உருளையில் அமுக்கம் காற்றின் அமுக்கத்தைப் போல் நூற்றைம்பது மடங்கு. வால்வு முறிந்தால் உருளை ஒரு பீரங்கிக் குண்டுபோல் பாய்ந்து சுவரைத் துளைக்கும். அதன் வாயில் எண்ணெயோ கிரீஸோ பட்டால் தீப்பொறியின்றியே எரியத் தொடங்கும். கிரீஸும் பிராணவாயுவும் ஒரே அலமாரியின் இரு பக்கங்களில் விற்கப்படும் கடையில், கிரீஸ் பட்ட கையினாலேயே வால்வைத் திருகும் ஆள் இருப்பான் என்பதை எடுத்துச் சொல்ல வேண்டுமோ?

அசிட்டிலீனின் குணம் வேறு. அழுத்தி அடைத்தால் காற்றின் துணையின்றியே சிதைந்து வெடிக்கக்கூடியது அவ்வாயு. ஆகையால் உருளைக்குள் நுண்துளைகள் நிறைந்த ஒரு பொருளை இட்டு, அதில் அசிட்டோன் என்னும் திரவத்தை ஊறவைத்து, அத்திரவத்தில் வாயுவைக் கரைத்து வைக்கின்றனர். உருளையைப் படுக்கவைத்தால் வாயுவோடு அசிட்டோனும் வெளியேறும். எனவே அதனை நிமிர்த்தியே வைக்கவேண்டும், நிமிர்த்தியே கொண்டுசெல்லவேண்டும். ஆனால் நம் தெருக்களில் அது மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியில் படுத்தே பயணம் செய்கிறது. வாயு உருளைகள் விதிகள் இவற்றையெல்லாம் விரிவாகக் கூறுகின்றன. நாகபுரியில் தலைமையகம் கொண்ட வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு அவற்றை நிர்வகிக்கிறது. ஆயினும் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு உட்பட்ட உருளைகளை வைத்திருப்பதற்கு உரிமம் வேண்டியதில்லை. ஒரே சந்தில் பத்துக் கடைகள் இருந்து, ஒவ்வொன்றும் அந்த எண்ணிக்கைக்குள் நின்றால், சந்து முழுவதும் ஒரு பெரிய கிடங்காகிவிடும். உரிமம் கேட்கவேண்டிய ஒரு கிடங்கு மட்டும் அங்கே இராது.

கார்டன் ரீச்சுக்கு உரிய தனித்த இடர் நீர். அவ்விடம் தாழ்ந்த நிலம். ஹூக்ளியோ கடலலை ஏறியிறங்கும் நதி. மழையும் ஏற்றவெள்ளமும் ஒருங்கே சேர்ந்தால் சாக்கடை நீர் ஆற்றுக்குள் இறங்காமல் தெருவிலேயே தங்கும். 2020-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் அம்பான் புயல் வீசியபோது மாநகரின் பல பகுதிகள் நீரில் நின்றதைப் பலரும் நினைவில் வைத்திருப்பர். இத்தகைய இடத்தில் கால்சியம் கார்பைடு வைக்கப்படுவதை எண்ணிப் பார்க்கவேண்டும். மாம்பழத்தை மறைவாகப் பழுக்கவைக்கும் 'கல்' என்று நம் சந்தைகளில் அறியப்படும் அதே பொருள்தான் அது. அச்செயல் சட்டப்படி தடுக்கப்பட்டுள்ளது என்பது சுகாதார ஊழியர் அறிந்ததே. கார்பைடு ஒரு கிலோ நீரில் நனைந்தால் ஏறத்தாழ 300 லிட்டர் அசிட்டிலீன் பிறக்கும். ஐம்பது கிலோ கொண்ட ஒரு பீப்பாய் நனைந்தால் 15,000 லிட்டர், அதாவது 15 கன மீட்டர். காற்றில் நூற்றுக்கு இரண்டரைப் பங்கு இவ்வாயு கலந்தாலே அக்கலவை எரியத் தொடங்கும். ஆகவே ஒரு பீப்பாய், 600 கன மீட்டர் காற்றை எரியும் கலவையாக்கப் போதுமானது. பத்து மீட்டர் அகலமும் பன்னிரண்டு மீட்டர் நீளமும் ஐந்து மீட்டர் உயரமும் உள்ள ஒரு கிடங்கின் கொள்ளளவு அது. உயர்நிலைப் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவனும் இக்கணக்கைப் போடலாம்.

இதற்கு வேண்டிய தடுப்பு விலையுயர்ந்ததும் அன்று. சென்ற ஆண்டுகளில் நீர் ஏறிய உயரத்தைச் சுவரில் ஒரு கோடாக வரைந்து, அக்கோட்டுக்கு மேல் மேடை அமைத்து, கார்பைடையும் வெல்டிங் கம்பியையும் மின்கலத்தையும் அங்கு வைத்தால் போதும். கோட்டுக்குக் கீழே இரும்புச் சாமான் இருக்கட்டும். அது துருப்பிடித்தால் வணிகருக்கு நஷ்டமே தவிர ஊருக்கு நாசமில்லை.

இதுவரை கூறியவை உடனே வெளிப்படும் அபாயங்கள். காலத்தால் தாமதித்து வருவனவும் உள்ளன. கப்பல்களின் நீராவிக் குழாய்களுக்குரிய காஸ்கட்டுகளிலும், கயிறாகத் திரித்த அடைப்புகளிலும் கல்நார் பயன்படுத்தப்பட்டு வந்தது. அதனைக் கத்தரித்து விற்பவன் மூச்சில் ஏறும் இழை, இருபது முப்பது ஆண்டுகளுக்குப் பின்னரே நுரையீரல் நோயாகவோ புற்றாகவோ தோன்றும். 1995 ஜனவரியில் உச்சநீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பு, கல்நார்த் தொழிலாளர் ஒவ்வொருவரின் உடல்நலப் பதிவேட்டையும் வேலை தொடங்கிய நாளிலிருந்து நாற்பது ஆண்டுகள் வரையிலோ, வேலையை விட்டபின் பதினைந்து ஆண்டுகள் வரையிலோ, எது பிந்தியதோ அதுவரை காக்கவேண்டும் என்று ஆணையிட்டது. நோயின் தாமதத்தை அறிந்து வகுத்த நல்ல ஆணை. ஆனால் தன் பெயரே பதிவில் இல்லாத அன்றாடக் கூலிக்கு நாற்பது ஆண்டுப் பதிவேட்டை எவர் காப்பர்? வண்ணப்பூச்சிலும் இத்தகைய ஓர் இடைவெளி உள்ளது. பூச்சில் ஈயம் பத்து லட்சம் பங்குக்குத் தொண்ணூறு பங்கு மேற்படலாகாது என்னும் 2016-ஆம் ஆண்டு விதி, வீட்டுப் பூச்சுக்கும் அலங்காரப் பூச்சுக்கும் மட்டுமே உரியது. தொழிற்பூச்சு அதற்கு வெளியே நிற்கிறது. இரண்டும் ஒரே கடையில் விற்கின்றன. மலிவாகக் கிடைக்கும் தொழிற்பூச்சு மீந்தால், அது பள்ளிக்கூட ஜன்னலுக்கும் பூசப்படலாம்.

இங்கேதான் தொழிலாளர் பாதுகாப்பும், இக்காலத்தில் 'வளங்குன்றா முறை' என்று போற்றப்படுவதும் ஒன்றாகின்றன. இரண்டையும் தனித்தனி அலுவலகங்களும் தனித்தனி அறிக்கைகளும் கவனித்து வருவது பொருத்தமாகத் தோன்றவில்லை. கசியும் பீப்பாய் முதலில் கிடங்கு ஆளின் கையைப் புண்ணாக்குகிறது. பிறகு தரையில் இறங்குகிறது. மழையில் சாக்கடைக்குச் செல்கிறது. முடிவில் ஹூக்ளியைச் சேர்கிறது. தென் கொல்கத்தாவுக்குக் குடிநீர் தரும் கார்டன் ரீச் நீரேற்று நிலையம் அதே நதியிலிருந்துதான் நீரை எடுக்கிறது. தொழிலாளியின் கை புண்ணான அன்றே கசிவை நிறுத்தியிருந்தால், ஆற்றைப் பற்றி அறிக்கை எழுதவேண்டிய தேவை ஏற்பட்டிராது. பெரிய கம்பெனிகள் ஆயிரம் இவ்விரண்டையும் குறித்து ஆண்டுதோறும் பங்குச் சந்தை வாரியத்துக்கு அறிக்கை தர 2022-23-ஆம் ஆண்டு முதல் கடமைப்பட்டுள்ளன. அவற்றுக்குச் சரக்கு தரும் சந்துக் கிடங்கு அந்த அறிக்கையின் எப்பக்கத்திலும் காணப்படுவதில்லை.

விற்காமல் தங்கிப்போன சரக்கும் மறக்கத்தக்கதன்று. 2020 ஆகஸ்டு 4-இல் பெய்ரூட் துறைமுகக் கிடங்கில் பல ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்த 2,750 டன் அம்மோனியம் நைட்ரேட் வெடித்து, இருநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அந்தச் செய்தி வந்த பின்னரே, சென்னைக்கு அடுத்த மணலியில் 2015 முதல் கிடந்த ஏறத்தாழ 700 டன் அதே பொருள் பொதுமக்களின் கவனத்துக்கு வந்து, சில நாட்களில் ஹைதராபாத்துக்கு அகற்றப்பட்டது. ஐந்தாண்டு அகற்ற முடியாதது ஒரு மாதத்துக்குள் அகற்றப்பட்டதிலிருந்து, தடை இரசாயனத்தில் இல்லை, கோப்பில் இருந்தது என்பது விளங்கும். கொல்கத்தாவிலேயே 2011 டிசம்பரில் ஒரு மருத்துவமனையின் நிலவறையில், வண்டிகள் நிற்பதற்குரிய இடத்தில் அடைத்துவைத்த சாமான்களில் பிடித்த தீயின் புகை தொண்ணூறு பேர் அளவில் உயிர் கொண்டது. 2018 செப்டம்பரில் பக்ரி சந்தை நாட்கணக்கில் எரிந்தது. இவை யாவும் உற்பத்தி விபத்துகள் அல்ல. பொருளை வைத்திருந்ததனால் நேர்ந்தவை.

சிறு வணிகர் கூறும் மறுப்பையும் கேட்கவேண்டும். இலாபம் நூற்றுக்கு இரண்டு மூன்று. வாங்குபவர் பணம் தருவதற்கு ஆறு மாதம் ஆகிறது. இந்நிலையில் மேடையும் சங்கிலியும் சீட்டும் எங்ஙனம் ஏற்படுத்துவது என்பர். இது முழுவதும் சாக்கன்று. கார்டன் ரீச்சின் பெரிய கொள்முதற்காரர் பொதுத்துறையைச் சேர்ந்தவர். ஒப்பந்தப்புள்ளிகளில் மிகக் குறைந்த விலை கூறியவருக்கே பெரும்பாலும் வேலை கிடைக்கிறது. உருளைக்குச் சங்கிலி இட்டவரும், பழைய பீப்பாயைத் திரும்பப் பெற்றுக்கொள்பவரும் தம் செலவை விலையில் சேர்த்தால் தோற்பர், சேர்க்காவிட்டால் நஷ்டமடைவர். ஒழுங்கானவனைத் தண்டித்து ஒழுங்கற்றவனுக்குப் பரிசளிக்கும் முறை இது. வணிகரைக் கடிந்துகொள்வதற்கு முன்னர் வாங்குபவர் தம் நிபந்தனைகளைத் திருத்தவேண்டும். எடை எழுதாத பெட்டியையும், வாங்குபவரின் தொழிலாளி அறிந்த மொழியில் சீட்டு இல்லாத தகரத்தையும் வாயிலிலேயே திருப்பியனுப்புவது என்று இரயில்வேயும் கப்பல்தளமும் துறைமுகமும் சேர்ந்து முடிவு செய்தால், ஆறு மாதத்துக்குள் சந்துகளின் வழக்கம் மாறும். எந்த ஆய்வாளரும் நூறு கிடங்குகளுக்குச் செல்ல இயலாது. நூறு கிடங்குகளின் சரக்கு மூன்று வாயில்களுக்கு வந்துதான் ஆகவேண்டும்.

திரும்பப் பெறுவதற்கும் இதுவே வழி. ஈய மின்கலங்களை விற்பவர் பழையதைப் பெற்றுக்கொள்ளவேண்டும் என்று 2001-ஆம் ஆண்டின் விதிகள் கூறின. புதிய மின்கலத்தின் விலையில் பழையதற்குக் கழிவு தரும் வழக்கம் ஓரளவு வேரூன்றியது, பொருளுக்கு விலை இருந்தமையால். 2022-ஆம் ஆண்டின் விதிகள் பழைய மின்கலத்தைச் சேகரிக்கும் முதன்மைப் பொறுப்பை உற்பத்தி செய்பவர் மீது வைத்துள்ளன. பீப்பாய்க்கும் தகரத்துக்கும் அவ்வாறு ஒரு முன்பணம் ஏற்படுத்தினால், அவை தண்ணீர்த் தொட்டியாகக் குடிசைகளுக்குச் செல்வது குறையும். 2010-இல் டில்லியின் மாயாபுரியில், பல்கலைக்கழகம் ஒன்று ஏலத்தில் விற்ற பழைய சாதனத்திலிருந்த கோபால்ட்-60 இரும்புக் கடைக்காரர் கையில் சிக்கி ஓர் உயிரைக் கொண்டது. பழைய பொருள் எவரிடம் செல்கிறது என்று கேளாமல் விற்பது கற்றோருக்கும் நேரக்கூடிய பிழையே.

ஆசிரியர்கள் இதில் செய்யக்கூடியது சிறிதன்று. பள்ளிச் சோதனைச்சாலைக்கு வரும் அமிலமும் சாராயமும் இத்தகைய கிடங்குகளிலிருந்தே வருகின்றன. புட்டியில் சீட்டு இல்லையாயின் பெற்றுக்கொள்ள மறுக்கலாம். மாணவர்களைக் கொண்டு புட்டிகளுக்குத் தமிழில் பெயரும் அபாயக் குறியும் எழுதச் செய்யலாம். வட்டத்தின் மேல் எரியும் சுடர் பிராணவாயு போன்ற எரியூக்கியையும், வெறும் சுடர் எரியும் பொருளையும் குறிப்பன. இவ்விரு படங்களின் வேறுபாட்டை ஒரு வகுப்பு நேரத்தில் கற்பித்துவிடலாம். அம்மாணவரில் சிலர் சில ஆண்டுகளில் கிடங்குகளிலும் பட்டறைகளிலும் வேலைக்குச் செல்வோர்.

களப்பணியாளர் செல்லவேண்டிய காலத்தைப் பற்றியும் ஒரு சொல். மார்ச்சு 4-ஆம் நாள் தேசியப் பாதுகாப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. அன்று கொடிகளும் உறுதிமொழிகளும் நிகழும், அதில் குறையில்லை. ஆனால் கார்டன் ரீச்சில் மழை தொடங்குவது ஜூன் மாதத்தில். கார்பைடுப் பீப்பாய் தரையில் இருக்கிறதா, மேடையில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு மே மாதத்தின் கடைசி வாரமே ஏற்றது. காலையில் செல்வதைவிட மாலை நான்கு மணிக்குச் செல்வது நல்லது. வண்டிகள் வந்து சரக்கு இறங்குவது அவ்வேளையில்தான். பதிவேட்டில் இல்லாத ஆட்களையும் அப்போதுதான் காணலாம்.